கட்டுநாயக்காவிலிருந்து இரத்மலானைக்கு எவ்வளவு நேரம்?

நான் விட்டுவந்த மேசையில் உங்களில் யார் உட்காரப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். கணினியை மாற்றுங்கள், கதிரையை மாற்றுங்கள், என் கையெழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் தாள்களையெல்லாம் கிழித்தெறியுங்கள். மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஓரமாக இருக்கும் கலியாணப் படத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

அந்தப் படத்தில் மாப்பிள்ளை மண்டப வாசலில் நிற்கிறார். ஓர் இளைஞன் குனிந்து அவருடைய காலைக் கழுவுகிறான். பட்டுவேட்டிதான் கட்டியிருக்கிறான், ஆனால் வேட்டிக்குக் கீழே நீல ஜீன்ஸ் இரண்டு விரல் அளவுக்குத் தெரிகிறது. அவனுக்குப் பின்னால் இன்னொருவர் மேலுக்குப் பட்டுச் சட்டையும் கீழுக்கு அரைக் காற்சட்டையுமாகச் செம்பு பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் ஒரு வங்கி முகாமையாளர். வந்த வாடிக்கையாளர்கள் எல்லோரும் கேட்பார்கள், உங்களுடைய ஆட்களா என்று. இல்லை. அது நான் செய்த பிழையின் படம்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில், மாடிப்படி ஏறி வரவேண்டிய அந்தச் சின்ன அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் விமான டிக்கெட் போட்டேன். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்? இப்போது நீங்கள் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் திரை பதிலைச் சொல்லிவிடுகிறது. எங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. திரையைப் பார்த்து வாசிப்போம், வாடிக்கையாளர் தலையாட்டுவார், கதை முடிந்துவிடும்.

ஒருமுறை புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் சென்னைக்கு டிக்கெட் எடுத்தார். ஒன்றேகால் மணித்தியாலம் என்று சொன்னேன். மனுசன் வீட்டிலிருந்து பத்து மணிக்குப் புறப்படுகிறேன், பன்னிரண்டுக்கு இலை போட்டுவை என்று அங்கேயிருந்த மைத்துனருக்குச் சொல்லிவிட்டார். போய்ச் சேர்ந்தபோது மாலைத் தேநீர் நேரம். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து, "நீங்கதானே ஒண்ணேகால் மணி நேரம்னு சொன்னீங்க. சாம்பார் ஆறிப் போச்சுன்னு மச்சான் ரெண்டு நாளா பேசலீங்க" என்றார். அவர் படியிறங்கிப் போனதும் நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். விமானம் பறக்கிற நேரத்தைப் பயண நேரம் என்று நினைத்துவிட்டாரே, இவ்வளவு பெரிய வியாபாரிக்கு இது தெரியவில்லையே என்று சிரித்தோம்.

சிரித்தவர்களில் அதிகம் சிரித்தவள் நான். அதனால்தான் மற்றக் கதையையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

யோகம் அன்ரி கொட்டாஞ்சேனைக்காரி. கணவர் நேரத்தோடு காலமாகிவிட்டார், பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் கெளசி, இளையவன் ரமணன். ரமணன் பத்தொன்பது வயதிலேயே வளைகுடாவுக்குப் போனவன். ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. கெளசிக்கு யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை சரிவந்தது, நல்லூரில் கலியாணம். அங்கே மாப்பிள்ளை மண்டபத்துக்கு வரும்போது வாசலில் நின்று அவர் காலைக் கழுவி உள்ளே அழைத்துவருவது பெண்ணின் தம்பி. தோழன் என்று சொல்வார்கள். மாப்பிள்ளை அந்த இடத்திலேயே தோழனுக்கு மோதிரம் போடுவார். சின்ன வயதில் இரண்டு பேரும் சண்டை பிடித்தால் கெளசி சொல்லுவாளாம், உனக்கு மோதிரம் போடாத மாப்பிள்ளையாப் பாத்துக் கட்டுவன் என்று. தகப்பன் இல்லாத வீடு. அந்த வாசலில் தன் தம்பி நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

ரமணனுக்கு லீவு இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை நான்கு நாள் கொடுத்தார்கள். அன்ரி என்னிடம் வந்தா. நான் பார்த்தேன். கலியாணத்தன்று காலை ஐந்து ஐம்பதுக்குக் கொழும்பில் இறங்குகிறான். ஒன்பதரைக்குக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாண விமானம். ஒரு மணி பத்து நிமிடத்தில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம். பதினொன்றரைக்கு மாப்பிள்ளை மண்டபத்துக்கு வருகிறார். பலாலியிலிருந்து ஆட்டோவில் முக்கால் மணித்தியாலம், மாப்பிள்ளைக்கு ஐந்து நிமிடம் முன்னால் இவன் போய்ச் சேர்ந்துவிடுவான்.

"நடுவிலை மூண்டரை மணித்தியாலத்துக்கு மேலை கிடக்கு அன்ரி. ஆறுதலா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றேன்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அவன் வந்திறங்குவது நகருக்கு வடக்கே கட்டுநாயக்கா விமான நிலையத்தில். யாழ்ப்பாண விமானம் புறப்படுவது நகருக்குத் தெற்கே இரத்மலானை விமான நிலையத்தில்.

ஏன் சொல்லவில்லை? மறைக்க வேண்டுமென்று இல்லை. என் மேசைக்கு முன்னால் இருந்து யாழ்ப்பாண டிக்கெட் எடுத்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். வெள்ளவத்தை ஆட்களுக்கு இரத்மலானை என்பது தெஹிவளையும் கல்கிசையும் தாண்டினால் வருகிற இடம். ஆட்டோவில் ஏறி, கதைத்து முடிக்குமுன் போய்ச் சேர்ந்துவிடலாம். என் தலைக்குள் எல்லாத் தூரமும் வெள்ளவத்தைச் சந்தியிலிருந்துதான் தொடங்கும். ரமணன் வெள்ளவத்தையில் இல்லை என்பதை நான் நினைக்கவே இல்லை. அவன் ஊரைவிட்டுப் போன காலத்தில் அவனுக்குத் தெரிந்த எயார்போட் ஒன்றுதான், அது கட்டுநாயக்கா.

கலியாணத்தன்று புதன்கிழமை. காலை ஏழு பத்துக்கு நான் வீட்டில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அன்ரியின் அழைப்பு.

"வதனி, பிள்ளை, தம்பி கட்டுநாயக்காவிலை இருக்கிறான். தேத்தண்ணியும் குடிச்சிட்டானாம். யாழ்ப்பாணம் போற கவுண்டர் எந்தப் பக்கம் எண்டு கேக்கிறான்."

என் கையிலிருந்த இடியப்பத் தட்டு எங்கே போனது என்று இப்போதும் தெரியாது. அடுத்ததாக நான் செய்ததை உங்களுக்கு மறைக்கப் போவதில்லை. கைபேசியில் அந்த டிக்கெட்டின் பிரதியைத் திறந்து பார்த்தேன். இரத்மலானை விமான நிலையத்தைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்து அதில் சரியாக இருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். சட்டப்படி பிழை என்னுடையது இல்லை. டிக்கெட்டில் போட்டிருக்கிறதுதானே அன்ரி என்ற வசனம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

வந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அங்கே ஒருத்தி தம்பியை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள், இங்கே நான் மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறேன்.

"அன்ரி, பிழை நடந்துபோச்சு. என்ரை பிழை. ஃபிளைற் இரத்மலானையிலை இருந்து. தம்பியின்ரை நம்பரைத் தாங்கோ, நான் கதைக்கிறன்" என்றேன்.

இரத்மலானைக் கவுண்டரை எட்டு ஐம்பதுக்கு மூடிவிடுவார்கள். கையில் இருந்தது ஒன்றரை மணித்தியாலமும் சொச்சமும். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீற்றர். இரத்மலானையிலிருந்து பலாலிக்கு அதைப்போல ஆறு மடங்குக்கு மேல், அதை விமானம் ஒரு மணி பத்து நிமிடத்தில் பறந்துவிடும். இந்த நாற்பத்தைந்துக்குத்தான் எந்தத் திரையிலும் நேரம் போட்டிருக்கவில்லை. அதுவும் புதன்கிழமை, பள்ளிக்கூட நேரம், ஆட்கள் கந்தோருக்கு வேலைக்குப் போகிற நேரம்.

எனக்கு முதலில் தோன்றியது காரைப் பிடித்து நேரே வரச் சொல்வது. பதற்றத்தில் எல்லோருக்கும் அதுதான் தோன்றும். ரமணனை ஒரு டாக்சியில் ஏறி அதிவேகப் பாதையால் புறப்படச் சொன்னேன். பிறகுதான் சுனில் அய்யேயை நினைத்தேன். எங்கள் அலுவலகத்தின் வான் வண்டிச் சாரதி, நாங்கள் எல்லோரும் சிங்களத்தில் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மட்டக்குளியில் இருக்கிறார். தினமும் அந்தப் பக்கத்து நெரிசலைக் கடந்து வேலைக்கு வருகிற மனிதர்.

அவருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னார்: "மிஸ், கார்னா பத்து மணி. ஒருகொடவத்த ஃபுல்லா கொன்டேனர் நிக்குது, நான் இப்பதான் பாத்தேன். ஹைவே முடியுற பேலியகொடவரைக்கும் கார் வரட்டும். நான் அங்க பைக்கோட நிக்கிறேன். கோட்டை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோறேன். அங்க இருந்து கோச்சி."

"றெயினிலை சனம் தொங்கிக்கொண்டு வருமே அய்யே?"

"அது கோட்டைக்கு வாற கோச்சி மிஸ். கோட்டைல இருந்து போற கோச்சி காலைல சும்மா போகுது."

எத்தனையோ வருடம் நேர அட்டவணையோடு வாழ்ந்தவள் நான். காலையில் தெற்கே போகிற ரயில் காலியாக ஓடும் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஓடவில்லை. அதற்காக நான் வெட்கப்படவில்லை. தெரிந்தவரிடம் கேட்கத் தோன்றியதே, அது போதும்.

ரமணனை மறுபடி எடுத்தேன். மோட்டார் சைக்கிள் என்றதும் அவன் மறுத்தான்.

"அக்கா, பெரிய பெட்டி கிடக்கு. அக்காவுக்கு வாங்கினது எல்லாம் அதுக்குள்ளைதான். என்ரை வேட்டி சட்டையும் அதுக்குள்ளை."

"பெட்டி டாக்சியிலை கிடக்கட்டும். டிறைவர் அதை என்ரை ஒஃபிசுக்குக் கொண்டு வருவார்."

"வேட்டி இல்லாமல் எப்பிடி அக்கா தோழனா நிக்கிறது?"

"தம்பி, யாழ்ப்பாணத்திலை வேட்டி கிடைக்கும். தம்பிதான் கிடைக்காது. பெட்டியை விட்டிட்டு ஏறு."

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவன் போனை வைத்துவிட்டான்.

அடுத்தது இரத்மலானைக் கவுண்டர். எண்ணைத் தட்டும்போது ஒரு பொய் தயாராக இருந்தது. பயணி கல்கிசையில் நிற்கிறார், இதோ வந்துவிடுவார் என்று சொல்லலாம். நம் தொழிலில் இந்தப் பொய்யைச் சொல்லாதவர் குறைவு, கவுண்டரில் இருப்பவர்களும் அதைத் தினமும் கேட்டுக் காது புளித்தவர்கள். நான் சிங்களத்தில் உள்ளதைச் சொன்னேன். ஆள் இன்னும் பேலியகொடைக்கு வரவில்லை, எட்டு ஐம்பதைத் தாண்டலாம், பிழை என்னுடையது, அக்காவின் கலியாணம், இவன்தான் தோழன். மறுபக்கத்தில் இருந்தவர் கேட்டது ஒரு கேள்விதான், பெட்டி இருக்கிறதா என்று. இல்லை, கைவீச்சோடு வருகிறான் என்றேன். "பெட்டி இல்லையென்றால் எட்டு ஐம்பத்தைந்து வரை பார்க்கிறேன். அதற்குப் பிறகு என்னால் முடியாது" என்றார். அவர் தந்த ஐந்து நிமிடத்துக்கு இன்றைக்கும் கை எடுத்துக் கும்பிடுவேன்.

போனை வைக்கவும் மறுபடி யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு. அன்ரியாக்கும் என்று எடுத்தேன். குரல் வேறு.

"அக்கா, நான் கெளசி."

"பிள்ளை, வெளிக்கிடேல்லையோ?"

"தலை இழுத்துப் பூ வைக்கினம். அக்கா, அம்மாவுக்குச் சொல்லுற மாதிரி எனக்குச் சொல்லவேண்டாம். தம்பி வருவானோ, மாட்டானோ?"

எனக்குத் தெரிந்த பதில்கள் எல்லாம் திரையில் இருந்து வாசித்தவை. இதற்குத் திரை இல்லை. ஓம் பிள்ளை, கட்டாயம் வருவான், நீ யோசியாதே என்று சொல்வது எவ்வளவு சுகம். மணப்பெண்ணிடம் வேறென்ன சொல்வது?

"பாதிக்குப் பாதி" என்றேன்.

பின்னால் பெண்கள் கதைக்கும் சத்தம் கேட்டது. ஏன் சொன்னேன் என்று நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தபோது அவள் பேசினாள்.

"அப்ப பாபு அண்ணாவுக்கு வேட்டியைக் கட்டச் சொல்லுறன். தம்பி வந்தால் தம்பி, வராட்டில் அவர். வாசலைப் பாத்துக்கொண்டே மணவறையிலை இருக்க எனக்கு ஏலாது அக்கா. தெரிஞ்சால் காணும்."

பாபு என்பவர் பெரியப்பா மகன், அங்கே ஒரு வங்கியில் முகாமையாளர். படத்தில் அரைக் காற்சட்டையோடு நிற்பவர்.

சுனில் அய்யேயிடமிருந்து எட்டு ஐந்துக்குச் செய்தி வந்தது, கோட்டையில் இறக்கிவிட்டேன் என்று. எட்டு பன்னிரண்டுக்கு ரயில். நான் வீட்டில் இருக்க முடியாமல் வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு ஓடினேன். சேலைக்கு ஊசிகூடக் குத்தவில்லை. ரயில் வந்தது, அய்யே சொன்னபடி பாதி வெறுமையாக. மூன்றாவது பெட்டியில் ஏறி, கடல் பக்கத்து யன்னலோரம் ஓர் இளைஞன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருப்பதைக் கண்டேன். தலைமுடி ஹெல்மெட்டில் நசுங்கி ஒட்டிப்போயிருந்தது.

"ரமணனோ?"

"ஓம்."

"நான் வதனி அக்கா."

அவன் எழும்பி எனக்கு இடம் விட்டான். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்துத்தான் ஏறினேன். திட்டினால் கேட்டுக்கொள்வதென்று முடிவோடு ஏறினேன்.

"தம்பி, பிழை என்ரை. இரத்மலானை எண்டு நான் சொல்லியிருக்க வேணும்."

"டிக்கெட்டிலை இருந்ததுதானே அக்கா. நான் வடிவாப் பாக்கேல்லை."

"டிக்கெட்டிலை இருந்தது. ஆனால் நான் சொல்லேல்லை. ரெண்டும் ஒண்டில்லை."

அவன் நசுங்கிய தலைமுடியைக் கையால் கோதிவிட்டான். பிறகு கேட்டான்: "அங்கை இருந்து நாலரை மணித்தியாலத்திலை கொழும்புக்கு வந்தனான். கொழும்புக்குள்ளை நாலரை மணித்தியாலம் போகுமோ அக்கா?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவனும் சிரித்தான். தெஹிவளையில் ரயில் காரணமில்லாமல் மூன்று நிமிடம் நின்றது. அந்த மூன்று நிமிடமும் இரண்டு பேரும் கைபேசியில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரத்மலானை ஸ்டேஷனில் இறங்கியபோது எட்டு நாற்பத்தெட்டு. ஆட்டோவில் ஏறினோம், காலி வீதியைக் கடக்கும் சந்தியில் சிவப்பு விளக்கு. என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆட்டோக்காரரே விளக்கை முறைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபோது எட்டு ஐம்பத்து நான்கு. கவுண்டரில் ஒருவர் கையில் போர்டிங் பாஸோடு எழுந்து நின்றார். "வெடிங்?" என்று கேட்டார். ரமணன் தலையாட்டினான். உள்ளே போகுமுன் அவன் திரும்பி என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

நான் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவனுடைய பெட்டி டாக்சியில் ஒருகொடவத்தையையும் பேஸ்லைன் வீதியையும் தாண்டி வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். சுனில் அய்யே கணித்தது சரியாகவே இருந்தது. பெட்டிக்காரன் அப்போது ஆகாயத்தில் இருந்தான். அந்தப் பெட்டியை என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னேரம்வரை வேலை செய்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுக்கத் தைரியம் வரவில்லை.

நடந்ததை அன்ரி மாலையில் சொன்னா. மாப்பிள்ளையின் கார் மண்டப வாசலுக்குத் திரும்பும்போதே ரமணனின் ஆட்டோவும் பின்னால் வந்துவிட்டதாம். பாபு அண்ணா செம்போடு தயாராக நின்றிருக்கிறார். ரமணனைக் கண்டதும் மனுசன் அந்த இடத்திலேயே, மேளகாரர் பார்த்துக்கொண்டிருக்க, தன் பட்டுவேட்டியை அவிழ்த்து அவனுக்குச் சுற்றிவிட்டாராம். உள்ளே அரைக் காற்சட்டை போட்டிருந்தது எல்லோருடைய புண்ணியம். ஜீன்ஸைக் கழற்ற நேரம் இல்லை. நாதஸ்வரக்காரர் சிரிப்பில் ஒரு தடவை ஊத மறந்துவிட்டதாகவும் அன்ரி சொன்னா, அது எவ்வளவு உண்மையோ தெரியாது.

பாபு அண்ணா அங்கே வேட்டியோடு நிற்கவில்லையென்றால் ரமணன் ஜீன்ஸோடுதான் கால் கழுவியிருக்க வேண்டும். அவரும் இல்லாமல் ஆட்டோ இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் வாசலில் ஒருவருமே இல்லாமல் மாப்பிள்ளை காருக்குள் காத்திருந்திருப்பார். கட்டாயம் வருவான் என்று நான் சொல்லியிருந்தால் கெளசி யாரையும் ஆயத்தப்படுத்தியிருக்க மாட்டாள். இதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. வெகு நாளைக்குப் பிறகுதான் யோசித்தேன்.

ரமணன் திரும்பிப் போகிற அன்று இரத்மலானையில் இறங்கி நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தான், கையில் கலியாணப் பலகாரப் பை. விரலில் மோதிரம். விமானத்துக்கு இன்னும் ஏழு மணித்தியாலம் இருந்தது.

"அக்கா, கட்டுநாயக்காவுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டான், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு.

"எங்கையிருந்து?" என்றேன். "எத்தினை மணிக்கு?"

அன்றிலிருந்து யார் தூரம் கேட்டாலும் நேரம் கேட்டாலும் இந்த இரண்டையும் கேட்காமல் நான் பதில் சொன்னதில்லை. விமான நிலையத்தில் யாரும் குடியிருப்பதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறவருக்கு ஒரு பதில், மலையகத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவருக்கு ஒரு பதில். திரை சொல்வது பொய்யில்லை, அது விமானத்துக்கான பதில். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது ஆள்.

படம் தபாலில் வந்தது, கலியாணம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு. கண்ணாடிக்குக் கீழே முன்பக்கம் மட்டும்தான் தெரியும். இத்தனை வருடமும் பின்பக்கத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. நீங்கள் கண்ணாடியைத் தூக்கித் திருப்பிப் பார்க்கலாம். கெளசியின் கையெழுத்து. காலைக் கழுவிய தம்பியைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ பெட்டியைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. ஒரு வரிதான்.

"அண்டைக்குக் காலமை எனக்குப் பொய் சொல்லாத ஒரே ஆளுக்கு."

பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வையுங்கள்.